ஆளைக் குவிப்பதா, ஓடுபாதையை நீட்டுவதா? ஃபாக்லாந்து பட்டாளத்தின் கணக்கு

1982 ஜூன் 14ஆம் தேதி ஃபாக்லாந்தின் தலைநகரான ஸ்டான்லியில் அர்ஜென்டினப் படை பிரிட்டனிடம் சரணடைந்தது. போர் முடிந்தது, சரி. அப்புறம் என்ன? மீட்டெடுத்த, தென் அட்லாண்டிக்கில் கிடக்கும் ஃபாக்லாந்து தீவுகளைக் காப்பதற்கு எத்தனை பேர் வேண்டும், யாரை எத்தனை மாதம் அங்கே போடுவது, அத்தனை பேருக்கும் சாப்பாடும் எண்ணெயும் உதிரிப் பாகமும் எந்த வழியாகப் போகும் என்ற கேள்விகள் மறுநாளே பிரிட்டன் முன்னால் வந்து நின்றன. எதிராளி இருப்பது சுமார் 500 கிலோமீட்டரில். சொந்த நாடு இருப்பது 8,000 மைலுக்கு அப்பால், அதாவது சுமார் 12,800 கிலோமீட்டர். போருக்கு முன்பு அங்கே காவல் இருந்தது ஏறக்குறைய 40 மரைன் வீரர்கள். அது எவ்வளவு தாங்கும் என்பது அர்ஜென்டினா படையெடுத்த ஏப்ரல் 2 அன்றே தெரிந்துபோயிற்று.

அன்றைக்கு இருந்த வழிகள் மூன்று. பெரும் பட்டாளத்தைத் தீவிலேயே உட்கார வைப்பது முதல் வழி. கப்பற்படையைச் சுற்றிலும் நிறுத்தி வைப்பது இரண்டாவது. பெரிய விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டுவிட்டு, சிறிய படையை மட்டும் வைத்துக்கொண்டு, ஆபத்து வந்தால் ஊரிலிருந்து ஆளை அனுப்புவது மூன்றாவது. நான்காவதாக ஒன்றையும் சேர்க்கலாம். வேண்டியதைப் பக்கத்து நாடுகளிடம் வாங்கிக்கொள்வது. கேட்கச் சுலபமான வழி அதுதான். அதை முதலிலேயே தள்ளிவிட்டுப் போகலாம்.

ஏனென்றால் அதைப் போருக்கு முன்பே செய்து பார்த்துவிட்டார்கள். 1971இல் போட்ட போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி தீவுக்கு விமானம் விட்டது அர்ஜென்டின விமானப்படையின் லாடே நிறுவனம். 1974 ஒப்பந்தத்துக்குப் பிறகு எரிபொருள் விற்றது அந்த நாட்டு அரசு எண்ணெய் நிறுவனம். நிலத்துக்கு உரிமை கொண்டாடுகிறவனிடமே வழியையும் விளக்குக்கு எண்ணெயையும் ஒப்படைத்திருந்தார்கள். போருக்குப் பிறகும் அந்தப் பக்கத்து வாசல் முழுசாகத் திறக்கவில்லை. 2010இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் குளோஸ்டரை மாண்டெவிடியோவில் எண்ணெய் போட உருகுவே அனுமதிக்கவில்லை. 2011 டிசம்பரில் தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூரின் நாடுகள் ஃபாக்லாந்துக் கொடி பறக்கும் கப்பல்களைத் தங்கள் துறைமுகங்களில் விடுவதில்லை என்று முடிவெடுத்தன. சிலியின் புன்டா அரேனாஸிலிருந்து வாரம் ஒரு பயணிகள் விமானம் வருகிறது. அது பொதுமக்களுக்கு. பட்டாளத்தை அதன்மேல் ஏற்றிவைக்க முடியாது.

ஒரு ஆள் என்றால் எவ்வளவு?

மற்ற மூன்று வழிகளையும் எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் 1982 ஏப்ரல், மே மாதங்களில் அசென்ஷன் தீவில் கிடைத்தது. பிரிட்டனுக்கும் ஃபாக்லாந்துக்கும் ஏறக்குறைய நடுவில், அட்லாண்டிக்கில் தனியாகக் கிடக்கும் 88 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறை அது. பூர்வகுடி என்று யாரும் கிடையாது. இருந்த ஆயிரம் பேர் அளவிலானவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வேலை ஒப்பந்தத்தில் வந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார். கப்பல் அணையத் துறைமுகம் இல்லை. ஜார்ஜ்டவுனுக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டுப் படகிலோ ஹெலிகாப்டரிலோ சரக்கை இறக்க வேண்டும். குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான். தீவு பிரிட்டனுடையது, ஆனால் அதில் இருந்த சுமார் 3,000 மீட்டர் நீள வைடுஅவேக் ஓடுபாதை அமெரிக்காவினுடையது. அதை அன்றாடம் நடத்தியது பான் ஆம் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர்கள்.

சில ராக்கெட் கண்காணிப்பு வேலைகளுக்காக இருந்த அந்த ஓடுபாதை திடீரென்று ஒரு போரின் நடுக்கூடம் ஆனது. போர் முடிவதற்குள் ஹெர்குலிஸ், விசி-10 விமானங்கள் 600 நடைக்கு மேல் பறந்து, சுமார் 5,800 பேரையும் 6,600 டன் சரக்கையும் அசென்ஷன் வழியாகக் கடத்தின. இந்த எண்ணைப் பார்த்து அசந்துபோவதைவிட, தரையில் என்ன நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. எண்ணெய்க் கப்பல் வந்து கரையோரத் தொட்டிகளை நிரப்பும். அங்கிருந்து விமான நிலையத்துக்குச் சில மைல். முதலில் டேங்கர் லாரிகளே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தன. அப்புறம் ராணுவப் பொறியாளர்கள் ஒரு தற்காலிகக் குழாயைப் போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. படுக்க இடமில்லை. மடித்து எடுத்து வரக்கூடிய அமெரிக்கக் கூடாரக் கூடுகளை விமானத்தில் கொண்டுவந்து விரித்தார்கள். அந்தக் குடியிருப்புக்கு வீரர்கள் வைத்த பெயர் கான்சர்ட்டினா சிட்டி. ஆர்மோனியத் துருத்திபோல இழுத்தால் விரியும், தள்ளினால் மடியும்.

தீவில் இருந்த பிரிட்டிஷ் ஆதரவுப் படைக்குப் பொறுப்பு கடற்படை கேப்டன் பாப் மெக்வீன். அவர் கறாராக ஒரு விதி வைத்திருந்தார். ஓர் ஆள் வந்தால் ஓர் ஆள் போக வேண்டும். தேவையில்லாமல் வந்து இறங்கியவர்களைத் திருப்பி ஏற்றிவிட்டார். முரட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் அந்த மனிதர் கணக்குத் தெரிந்தவர். தீவில் கால் வைக்கிற ஒவ்வொருவரும் ஒரு படுக்கை, ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர், இத்தனை வேளைச் சாப்பாடு, ஒரு கழிப்பறைப் பங்கு. அவருக்குச் சமைக்க இன்னொருவர், அந்தச் சமையல்காரருக்கும் ஒரு படுக்கை. துப்பாக்கி பிடிக்கிற கைகளைக் கூட்டுகிறோம் என்று நினைத்துத் தின்கிற வாய்களைத்தான் அதிகம் கூட்டுவோம்.

இன்னொரு உதாரணம் வான்வழி. மே 1ஆம் தேதி விடியலில் ஸ்டான்லி ஓடுபாதைமேல் ஒரே ஒரு வல்கன் விமானம் 21 குண்டுகள் போட்டது. அந்த ஒன்றை அசென்ஷனிலிருந்து கொண்டுபோய்த் திரும்ப வைக்க 11 விக்டர் டேங்கர் விமானங்கள் வானில் எண்ணெய் ஊட்ட வேண்டியிருந்தது. டேங்கருக்கு டேங்கர் எண்ணெய் கொடுத்து, கடைசியில் ஒன்று வல்கனுக்குக் கொடுத்தது. ஓடுபாதைமேல் விழுந்தது ஒரு குண்டு. தூரம் செலவை மைல் கணக்கில் கூட்டுவதில்லை, மடங்கு கணக்கில் பெருக்குகிறது.

கடல்வழியும் சளைத்ததல்ல. ஏப்ரல் முதல் வாரத்தில் அவசரம் அவசரமாகக் கிளம்பிய கப்பல்களில் சரக்கு வந்து சேர்ந்த வரிசையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. கரையில் இறங்கியதும் முதலில் தேவைப்படுவது அடித்தளத்தில் கிடந்தது. அசென்ஷனுக்கு வந்த பிறகு, துறைமுகமே இல்லாத இடத்தில், கப்பலுக்குக் கப்பல் பிரித்து மறுபடி அடுக்கினார்கள். மே 25இல் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணையில் அடிபட்டு எரிந்தபோது, மூன்று சினூக், ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள், கூடாரங்கள், ஓடுபாதைத் தகடுகள் எல்லாம் ஒன்றாகப் போயின. அதனால்தான் வீரர்கள் மூட்டை சுமந்து சேற்றில் நடந்தார்கள்.

முதல் வழி: உட்கார்ந்த பட்டாளம்

போர் முடிந்த கையோடு நடந்தது முதல் வழிதான். வேறு வழியும் இல்லை. அப்போது தீவுகளின் மக்கள்தொகை சுமார் 1,800. அவர்களைவிட அதிகமான பட்டாளத்தாரை அங்கே தங்க வைக்க வேண்டியிருந்தது. ஸ்டான்லி ஒரு சின்ன ஊர். வீடுகளிலும் கொட்டகைகளிலும் கப்பல்களிலும் படுத்தார்கள். பிறகு கோஸ்டெல் என்று பெயர் வைத்து மிதக்கும் விடுதிகளை இழுத்துவந்து துறைமுகத்தில் கட்டினார்கள். பெட்டி பெட்டியாக அடுக்கிய அறைகள், கீழே ஒரு தட்டையான மிதவை, அவ்வளவுதான். அவற்றில் ஒன்று பிற்பாடு நியூயார்க்கில் மிதக்கும் சிறையாகவும், அதற்கப்புறம் இங்கிலாந்தின் போர்ட்லாண்டில் வீயர் சிறையாகவும் ஆனது. அதில் குடியிருந்த வீரர்களுக்கு இந்தச் செய்தி ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஸ்டான்லி ஓடுபாதை 1,250 மீட்டர்தான். அதை உலோகத் தகடுகளால் சுமார் 1,860 மீட்டருக்கு நீட்டினார்கள். 1982 ஆகஸ்டில் அந்த வேலைக்காக ஓடுபாதையை மூடியபோது ஹெர்குலிஸ் விமானங்கள் சரக்கைப் பாராசூட்டில் போட்டன. திரும்பிப் போகும் கடிதப் பையைத் தூக்க, விமானத்தின் பின்னால் கயிற்றில் கொக்கியைத் தொங்கவிட்டுத் தாழப் பறந்து, கம்பங்களுக்கு நடுவே கட்டியிருந்த கயிற்றைக் கொக்கியால் கவ்வி இழுத்தார்கள். கடிதம் ராணுவ சாமானில் சேராது என்று நினைப்பவர்கள் தூரத்தில் ஆறு மாதம் இருந்து பார்க்காதவர்கள்.

ஓடுபாதை நீண்ட பிறகு அக்டோபரில் ஃபான்டம் போர் விமானங்கள் வந்தன. ஆனால் ஆளும் பொருளும் வருவது ஹெர்குலிஸில்தான். அசென்ஷனிலிருந்து 13 மணி நேரம் போல, நடுவானில் எண்ணெய் வாங்கிக்கொண்டு. ஸ்டான்லியில் காற்று சரியில்லை என்றால் இறங்காமலே வந்த வழி திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் முழுதாக ஒரு நாளுக்கு மேல் பறந்துவிட்டு, ஏறிய இடத்திலேயே இறங்க வேண்டியதுதான். எண்ணெயே எடையைத் தின்றுவிடுவதால் ஏற்றக்கூடிய சரக்கும் குறைவு.

இந்த வழிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. படை ஏற்கெனவே தீவிலேயே இருக்கிறது, வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1982இன் காயம் ஆறாத சமயத்தில் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் அது நிரந்தரமாகத் தாங்காது. ஆயிரக்கணக்கானவர்களை மிதவைப் பெட்டிகளில் வைத்து, மெலிந்த வான்பாலம் ஒன்றின் நுனியில் வருடக்கணக்கில் தொங்கவிட முடியாது.

இரண்டாவது வழி

கப்பற்படையைச் சுற்றி நிறுத்துவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபான்டம்கள் வரும்வரை விமானந்தாங்கிக் கப்பல்தான் தீவுக்குக் குடை. முதலில் இன்வின்சிபிள், அப்புறம் அதை மாற்றிவிட வந்த இல்லஸ்ட்ரியஸ். தென் அட்லாண்டிக் குளிர்காலத்தில் ஒரு கப்பல் நிலையில் நிற்க வேண்டுமென்றால், ஒன்று வழியில் இருக்கும், ஒன்று பழுதுபார்க்கும் துறையில் இருக்கும். ஐரோப்பாவில் சோவியத் நீர்மூழ்கிகளைப் பார்க்க வேண்டிய கடற்படையை இங்கே கட்டிப்போட யாருக்கும் மனமில்லை. இடைக்காலத்துக்கு இது சரி, நிரந்தரத்துக்கு ஆகாது.

மூன்றாவது வழி: ஓடுபாதை

இந்த யோசனை புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. தீவுகளின் பொருளாதாரத்தை ஆராய்ந்த லார்ட் ஷாக்கில்டன் 1976 அறிக்கையிலேயே ஓடுபாதையை நீட்டச் சொன்னார். செலவைப் பார்த்து விட்டுவிட்டார்கள். போர் நடந்து ஓராண்டுக்குப் பின், 1983 ஜூனில், ஸ்டான்லிக்குத் தென்மேற்கே மவுண்ட் பிளெசன்டில் முற்றிலும் புதிதாக ஒரு விமானத் தளம் கட்டுவதென்று அறிவித்தார்கள்.

அதைக் கட்டியதே ஒரு சப்ளைப் பாடம். அந்த இடத்தில் சாலை இல்லை, துறை இல்லை, ஆள் இல்லை. மெர்ச்சன்ட் பிராவிடன்ஸ் என்ற சரக்குக் கப்பலைக் கொண்டுவந்து கரையோரம் நிரந்தரமாகக் கட்டி, அதற்கும் கரைக்கும் துண்டு துண்டாகக் கோர்த்துப் போடும் பெய்லி பாலம் போட்டு, அந்தக் கப்பலையே இறங்குதுறை ஆக்கினார்கள். கட்டுமானத் தொழிலாளர்கள் பிரிட்டனிலிருந்து விமானத்தில் கேப் டவுன் போய், அங்கிருந்து கப்பலில் வந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்த முகாம். 1985 மே 12 அன்று ஓடுபாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,590 மீட்டர்.

இதற்கு மறுபாதி விமானம். பிரிட்டிஷ் விமானப்படை போருக்குப் பிறகு ஒன்பது டிரிஸ்டார் விமானங்களைப் பயணிகள் விமான நிறுவனங்களிடமிருந்து வாங்கியது. ஆறு பிரிட்டிஷ் ஏர்வேஸிடம், மூன்று பான் ஆமிடம். அந்தக் காலத்தில் ஒரு டிரிஸ்டார் 200 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தின் பிரைஸ் நார்ட்டன் விமானத் தளத்தில் கிளம்பினால், அசென்ஷனில் எண்ணெய் போட்டுக்கொண்டு 18 மணி நேரம் போல ஆகி மவுண்ட் பிளெசன்டில் இறங்கிவிடும். ஹெர்குலிஸில் காதைப் பொத்திக்கொண்டு கேன்வாஸ் இருக்கையில் போனவர்களுக்கு இது வேறு உலகம்.

என் பார்வையில் தீர்ப்பு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. பட்டாளத்தின் அளவைத் தீர்மானிப்பது எதிரியின் படைபலம் மட்டுமல்ல, உதவி வந்து சேர எத்தனை மணி நேரம் என்பதும்தான். கப்பலில் மூன்று வாரம் என்றால் மூன்று வாரம் தாக்குப்பிடிக்கிற படையைத் தீவில் வைத்தாக வேண்டும். விமானத்தில் ஒரு நாள் என்றால் ஓடுபாதையை ஒரு நாள் காப்பாற்றுகிற படை போதும். இன்றைக்கு அங்கே இருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். நான்கு டைஃபூன் போர் விமானங்கள், வான் பாதுகாப்பு ஏவுகணைப் பிரிவு, சுழற்சியில் வரும் ஒரு காலாட்படைக் கம்பெனி, ஒரு ரோந்துக் கப்பல், மீதி எல்லாம் இவற்றை ஓடவைக்கிறவர்கள். உள்ளூர்த் தன்னார்வலர்களின் தீவுப் பாதுகாப்புப் படையும் உண்டு.

யாரை, எத்தனை மாதம்?

ஓடுபாதை விவாதம் அளவுக்கு ஆள் விவாதம் வெளியே பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் சுவாரசியம்.

ஆயிரம் இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினால் ஆண்டுக்கு 2,000 பேர் போய்வர வேண்டும். நான்கு மாதம் என்றால் 3,000. இரண்டு மாதம் என்றால் 6,000. விமானத்துக்கு 200 பேர் என்று போட்டால் முறையே 10, 15, 30 நடை. இது பயணச் செலவு மட்டும். வந்து இறங்கியவர் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம், போகிறவர் ஒப்படைக்க ஒரு வாரம் என்றால், இரண்டு மாதப் பணியில் கால்வாசி அதிலேயே போய்விடும். ஆறு மாதப் பணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இதற்கு மேல், அங்கே ஒருவர் இருக்கிறார் என்றால் ஊரில் ஒருவர் கிளம்பத் தயாராகிக்கொண்டும் ஒருவர் திரும்பிவந்து ஓய்விலும் இருப்பார்.

அப்படியானால் நீண்ட பணிதானே லாபம்? எல்லாருக்கும் அல்ல. காலாட்படைக் கம்பெனிக்கு அந்தத் தீவு ஒரு பயிற்சி மைதானம். வெட்டவெளி, காற்று, உண்மையான குண்டு சுட்டுப் பழக இடம். சில வாரங்களில் வேண்டியதைக் கற்றுக்கொண்டு கிளம்புவதில் நஷ்டமில்லை. டைஃபூன் விமானிக்கும் அப்படித்தான். மாதக்கணக்கில் அங்கே எச்சரிக்கைப் பணியில் உட்கார்ந்திருந்தால் மற்ற திறமைகள் துருப்பிடிக்கும். ஆனால் ஸ்டோர் கணக்கர், எரிபொருள் பொறுப்பாளர், துறைமுக மேற்பார்வையாளர், ஜெனரேட்டர் மெக்கானிக் இவர்களை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது பைத்தியக்காரத்தனம். எந்த வால்வு குளிரில் சிக்கிக்கொள்ளும், எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் தவறிப்போனது என்பது தலையில் இருக்கிற அறிவு. ஆள் போனால் அதுவும் விமானம் ஏறிவிடும்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் குடிமக்கள் ஒப்பந்த ஊழியர்கள். மவுண்ட் பிளெசன்டின் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் அட்லாண்டிக்கில் இருக்கும் இன்னொரு பிரிட்டிஷ் தீவான செயின்ட் ஹெலினாக்காரர்கள் நிறையப் பேர். அவர்களை அங்கே எல்லாரும் செயின்ட்ஸ் என்பார்கள். பல வருடம் இருப்பார்கள், தளத்தின் மூலைமுடுக்கு அத்துப்படி. ராணுவத்தார் வருவார்கள், போவார்கள். நிறுவனத்தின் ஞாபகசக்தி இவர்கள்தான். செலவும் குறைவு. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். செயின்ட் ஹெலினாவின் உழைக்கும் வயதினர் இப்படி ஃபாக்லாந்துக்கும் அசென்ஷனுக்கும் போய்விட, ஊரில் குழந்தைகளைப் பாட்டிமார்கள் வளர்த்தார்கள். அந்தச் செலவு எந்தப் பாதுகாப்பு பட்ஜெட்டிலும் வராது. இன்னொன்று, சண்டை என்று வந்தால் ஒப்பந்தத் தொழிலாளியை அங்கே நிற்கச் சொல்லி உத்தரவு போட முடியாது. அதனால் தீயணைப்பு, வெடிமருந்து, எரிபொருள் ஆகிய இடங்களில் ராணுவத்தாரை வைத்துக்கொள்வதே புத்தி.

குடும்பத்தோடு அனுப்புவது? கொஞ்சம் இடங்களுக்கு அது உண்டு, தளத்துக்குள் ஒரு தொடக்கப் பள்ளிகூட இருக்கிறது. ஆனால் ஒரு குடும்பம் என்றால் வீடு, ஆசிரியர், குழந்தை மருத்துவம் எல்லாம் சேர்ந்து வரும். மெக்வீன் கணக்கு மறுபடி தலைகாட்டும். இந்தியா கிரேட் நிக்கோபாரில் இதற்கு நேர்மாறான வழியைப் பிடித்தது. 1969 முதல் ஓய்வுபெற்ற ராணுவத்தாரின் குடும்பங்களைப் பஞ்சாப், தமிழ்நாடு, கேரளா போன்ற மாநிலங்களிலிருந்து கொண்டுபோய் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கேம்ப்பெல் பேயில் கடற்படையின் ஐஎன்எஸ் பாஸ் விமானத் தளம் 2012இல் வந்தபோது, சுற்றிலும் ஏற்கெனவே ஊர் இருந்தது, கடை இருந்தது, தோட்டம் இருந்தது. அந்த வழிக்கு விலை கொடுத்தவர்கள் அங்கே முன்பே வாழ்ந்த ஷொம்பென், நிக்கோபாரி மக்கள். ஃபாக்லாந்தில் அதைச் செய்ய மவுண்ட் பிளெசன்டைச் சுற்றி விளைகிற மண்ணும் இல்லை.

தங்குகிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மவுண்ட் பிளெசன்டில் விடுதி, மெஸ், கடை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் சுமார் 800 மீட்டர் நீளமுள்ள ஒரே தாழ்வாரம் இணைக்கிறது. வீரர்கள் அதை டெத் ஸ்டார் காரிடார் என்கிறார்கள். வெளியே போகாமலே ஒரு பணிக்காலத்தை ஓட்டிவிடலாம். அந்தக் காற்றில் அது வசதிதான், மனசுக்கு எப்படி என்பது வேறு கேள்வி. இதைவிடத் தனிமையானவை மலைமேல் இருக்கும் ரேடார் நிலையங்கள். மேற்குத் தீவில் மவுண்ட் ஆலிஸ், பைரன் ஹைட்ஸ். அங்கே ஆள் மாற்றமும் காய்கறியும் தபாலும் ஹெலிகாப்டரில்தான். மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. உறைபெட்டியில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதுதான் சமையல்.

கப்பலா, விமானமா, உள்ளூரா?

சப்ளையில் இந்த மூன்றுக்கும் போட்டியே இல்லை, வேலைப் பிரிவினைதான். ஒருவருக்கு நாளைக்கு இரண்டு கிலோ சாப்பாட்டுப் பொருள் என்றால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 730 டன். இதை விமானத்தில் கொண்டுவருவது பணத்தைக் காற்றில் விடுவது. எனவே அரிசி, மாவு, டின் உணவு, உறைந்த இறைச்சி, டயர், வெடிமருந்து, கட்டுமானப் பொருள் எல்லாம் சவுத்தாம்ப்டன் அருகிலுள்ள மார்ச்வுட் ராணுவத் துறைமுகத்திலிருந்து வாடகைக் கப்பலில் மவுண்ட் பிளெசன்டுக்குப் பக்கத்துத் துறையான மேர் ஹார்பருக்கு வருகின்றன. எரிபொருளுக்குத் தனி டேங்கர். விமானத்தில் ஆள், தபால், மருந்து, அவசர உதிரிப் பாகம். டைஃபூனின் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி பழுதானால் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது.

உள்ளூரில் செம்மறி இறைச்சி தாராளம், ஸ்டான்லியில் பசுமைக்குடிலில் காய்கறியும் வளர்க்கிறார்கள். இதை அதிகமாக வாங்கலாம் என்பது என் கட்சி. விலை கூடினாலும், கப்பல் ஒரு வாரம் தாமதித்தால் கீரையும் தக்காளியும் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். ஆனால் 3,500 பேர் அளவிலான ஊரால் இன்னொரு ஆயிரம் பேரை முழுசாக ஊட்டிவிட முடியாது.

வழி அடைபட்டால்?

சிறிய படை, வேகமான வான்வழி என்ற முடிவின் விலை 2017 ஏப்ரலில் தெரிந்தது. அசென்ஷன் ஓடுபாதை பெயர்ந்து குழி விழுந்ததால் பெரிய விமானங்கள் இறங்கக் கூடாது என்றார்கள். பழுதுபார்த்துப் பெரிய விமானங்கள் மறுபடி வர 2023 ஆயிற்று. தன் தீவிலேயே, அடுத்தவர் ஓடுபாதையில், அடுத்தவர் வேலை அட்டவணைப்படி ஆறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் வான்பாலம் கேப் வெர்டே வழியாகவும், செனகலின் டாக்கர் வழியாகவும் போனது. இரண்டும் நல்ல ஓடுபாதைகள், எண்ணெய் கிடைக்கும். ஆனால் இரண்டும் அசென்ஷனைவிட மவுண்ட் பிளெசன்டுக்கு எட்டத்தில் இருக்கின்றன. தெற்கே போகும் கால் நீள்கிறது. மவுண்ட் பிளெசன்டில் வடக்குக் காற்று மலையில் மோதிச் சுழலும்போது இறங்க முடியாது, அதனால் தென் அமெரிக்காவுக்குத் திரும்புகிற அளவுக்கு மிச்ச எண்ணெயும் வேண்டும். தூரம் கூடக்கூட அந்த மிச்சம் சுருங்கும். அப்புறம் அயல்நாட்டு அரசு. சமாதான காலத்தில் சிப்பாய்கள் இறங்கித் தேநீர் குடிக்க விடுவார்கள். நெருக்கடியில் ஏவுகணை ஏற்றிய விமானத்துக்கும் அப்படியே விடுவார்களா?

செயின்ட் ஹெலினாவில் விமான நிலையம் வந்திருக்கிறதே என்று கேட்கலாம். அந்த ஓடுபாதை சுமார் 1,950 மீட்டர்தான், பாறை விளிம்பில் காற்றுத் தொல்லை வேறு. பெரிய விமானத்துக்கு உதவாது.

எனவே தேர்வு இப்படி வருகிறது. அன்றாடத்துக்கு அசென்ஷன், ஆனால் அதன் பராமரிப்புச் செலவில் பங்கு கொடுத்து அட்டவணையிலும் வாய் திறக்கிற உரிமையோடு. மாற்றுக்குக் கேப் வெர்டே, வருடத்தில் சில நடையாவது அந்த வழியாகவே ஓட்டி, அனுமதியும் பழக்கமும் பழசாகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தீவுக் கிடங்கில் இரண்டு கப்பல் தவறினாலும் தாங்குகிற இருப்பு, குறிப்பாக விமான எரிபொருளில். காலாட்படையைக் குறுகிய சுழற்சியில் விடலாம். ஸ்டோரிலும் துறைமுகத்திலும் இருக்கிற ராணுவத்தாரை ஒரு வருடத்துக்குக் குறையாமல் போட்டு, ஆறு மாத இடைவெளியில் பாதிப் பாதியாக மாற்ற வேண்டும். கூடுதலாக ஒரு காலாட்படைக் கம்பெனியை நிரந்தரமாகத் தீவில் வைக்கலாம் என்று யாராவது கேட்டால், அதே பணத்தில் இன்னும் இரண்டு எரிபொருள் தொட்டி கட்டச் சொல்வேன்.